நான்கு வீடுகளுக்குப் பங்கு போட்ட குரல்கள்

நாற்பத்தொன்று. இந்த எண்ணை மறக்காதீர்கள். மற்றதையெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை.

கல்லை மாவாக அரைக்கும் ஆலையில் வேலை பார்த்து, அந்த மாவையே மூச்சோடு உள்ளே இழுத்து, நெஞ்சு கல்லாகிப் போனவர்கள் நாற்பத்தொரு பேர், சாவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு செல்போனுக்கு முன்னால் உட்கார்ந்து பேசினார்கள். என்ன வேலை, எந்தப் பிரிவு, முகமூடி கொடுத்தார்களா, இருமல் எப்போது தொடங்கியது, டாக்டர் என்ன சொன்னார். போனைப் பிடித்துக்கொண்டிருந்தவள் கேபிள் அக்கா. இது அவளுடைய கதை.

கேபிள் என்ற பேர் வந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. மற்ற பெண்கள் கைப்பைக்குள் சீப்பும் பவுடரும் வைத்திருப்பார்கள். இவள் பையில் சுருட்டிய வயர்கள் இருக்கும். "பவுடரைத்தான் இருபது வருஷம் மூஞ்சி பூரா பூசியாச்சே, இன்னும் என்ன?" என்பாள். பத்தொன்பது வயதில் ஆலையின் மூட்டை கட்டும் பிரிவில் சேர்ந்தவள். வேலை முடிந்து வெளியே வரும்போது இமை முடி வரை வெள்ளையாக இருக்கும். அரவை இயந்திரத்தில் நின்றவன் ஒருவன் அதே வெள்ளையோடு கேட்டில் காத்திருந்தான். அவனைக் கட்டிக்கொண்டாள். "பார்த்த அன்னைக்கே ரெண்டு பேருக்கும் நரைச்சாச்சு. சேர்ந்து கிழமாகுற வேலை மிச்சம்" என்று அவன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

அந்த வேலை அவனுக்கு உண்மையிலேயே மிச்சமாகிவிட்டது. நாற்பத்தாறு வயதில் செத்தான்.

அவனும் பேசியிருந்தான். நாற்பத்தொன்றில் அவன் ஒன்று. அக்காதான் போனைப் பிடித்தாள். அதற்குப் பிறகு அந்தப் பதிவை அவள் ஒரு தடவைகூடப் போட்டுக் கேட்டதில்லை. விசாரணை அன்றைக்கு அதிகாரி முன்னால், எல்லோரும் பக்கத்தில் இருக்கும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருந்தாள். தனியாகக் கேட்கத் தெம்பில்லை. அவ்வளவுதான்.

விசாரணை என்றால் நஷ்டஈட்டு அதிகாரி முன் நடப்பது. வருஷக்கணக்காக இழுத்தடித்து ஒருவழியாகத் தேதி கொடுத்தார்கள். முதலில் சங்கம் செத்துப்போனவர்கள் சிலர் முன்பே கொடுத்த வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து, அவர்கள் வைத்த கைநாட்டோடு கொடுத்தது. ஆலையின் வக்கீல் எழுந்து, "செத்தவன் கையைப் பிடிச்சு இவங்களே உருட்டியிருப்பாங்க" என்றான். அதிகாரி தலையாட்டினார். ஆளே வர வேண்டும், இல்லை ஆளின் குரலாவது வர வேண்டும் என்று உத்தரவு. ஆள் எங்கே வருவது? பாதிக்கு மேல் மண்ணுக்குள். ஆகவே குரல்தான். அது போனால் எல்லாம் போச்சு.

அந்தக் குரல்களை வைத்திருந்த விதத்தைச் சொல்ல வேண்டும்.

அக்காவின் வீடு டயர் கடைக்கு மேலே இரண்டு அறை. செருப்பு வைக்கும் அலமாரிக்கு மேல் ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டி, பக்கவாட்டுத் தகடு இல்லாமல், குடலைக் காட்டிக்கொண்டு ஓடும். ஏதோ ஆபீஸ் தலைமுழுகியதை இரும்புக் கடையில் எடுத்தது. அதற்குத் திரை கிடையாது. டிவியில்தான் மாட்டிப் பார்க்க வேண்டும். யுஎஸ்பி டிஸ்க்குகளைச் செருகினால் அவற்றில் உள்ளதை வீட்டுக்குள் யாரும் எடுக்கலாம், போடலாம். இதற்கு சர்வர் என்று பேர். அக்கா இதைப் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. வீடியோவைப் பார்த்து, நிறுத்தி, திரும்பப் பார்த்து, முட்டி மோதிக் கற்றாள். கால் கிணறு தாண்டத் தெரியும் என்று அவளே சொல்லுவாள். முக்கால் கிணற்றில் என்ன இருக்கிறதென்று அப்போது தெரியாது.

ஆரம்பத்தில் எல்லாப் பதிவும் சங்க அலுவலகத்துக் கம்ப்யூட்டரில் இருந்தது. ஒரு நாள் ஆலை ஆட்கள் போலீஸோடு வந்து, ஏதோ திருட்டுப் புகார் என்று சொல்லி அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நல்லவேளை, அக்கா அதற்கு முந்தின வாரமே எல்லாவற்றையும் வீட்டுக்கு எடுத்துவிட்டு, அதில் இருந்ததைத் துடைத்திருந்தாள். ஆனால் பயம் பிடித்துக்கொண்டது. பேசியவர்களில் சிலர் இன்னமும் ஆலையில் வேலை பார்ப்பவர்கள். யார் பேசினார்கள் என்று தெரிந்தால் மறுநாளே வெளியே தள்ளிவிடுவார்கள். அவர்களுக்குச் சங்கம் கொடுத்த வாக்கு ஒன்றுதான்: நாற்பத்தொரு பேரும் ஒரே நாளில், ஒன்றாகத்தான் வெளியே வருவோம், தனியாக யாரையும் வெட்ட முடியாது.

அதற்காகப் போட்ட திட்டம்தான் நான்கு டிஸ்க். நான்கையும் ஒரே கூட்டாக்கி, பதிவுகளை அதில் எழுதுவது. பிறகு ஆளுக்கு ஒன்றாக நான்கு பேர் வீட்டுக்குக் கொண்டுபோவது. ஒன்று அக்காவிடம். ஒன்று சங்கச் செயலாளரிடம். ஒன்று லாரி ஓட்டும் தோழரிடம். நான்காவது சைரன் அண்ணனிடம். சைரன் என்றால், ஆலைச் சங்கு ஊதுவதற்கு முன்னால் இவருடைய இருமல் தெருமுனையில் கேட்கும். அதைக் கேட்டுத்தான் பலர் எழுந்து வேலைக்குக் கிளம்புவார்கள். அவரே சொல்லிச் சிரிக்கிற பேர் அது.

கூட்டை அமைக்கும்போது சர்வர் ஒரு கேள்வி கேட்டது. எல்லா டிஸ்க்கிலும் ஒன்றையே நகல் எடுப்பதா, இல்லை ஒவ்வொரு பதிவையும் துண்டு துண்டாக்கி நான்கிலும் பரப்புவதா?

"நகல் எடுத்தா எது ஒண்ணு சிக்கினாலும் மொத்தமும் அவனுங்க கையில போயிடும்" என்றார் செயலாளர். "பரப்பு. ஒரு வீட்டுல புகுந்தான்னா அவனுக்குக் கால் வார்த்தைகூடக் கிடைக்கக் கூடாது."

அக்கா பரப்பு என்று அழுத்தினாள். டிவியில் சிவப்பு எழுத்தில் ஒரு எச்சரிக்கை வந்தது. வாசித்தாள். "நாலுல ஒண்ணு போனா எல்லாமே போயிடுமாம்."

செயலாளர் சிரித்தார். "நாம மேடையில சொல்றதுதானே? ஒருத்தனைத் தொட்டா எல்லாரையும் தொட்ட மாதிரி. மெஷினுக்கே சங்க உணர்வு இருக்குப்பா. அழுத்து."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். அழுத்தினாள். போனிலும் பெட்டியிலும் இருந்ததை அழித்தார்கள். எங்கேயும் மிச்சம் வைக்கக் கூடாது என்பது கட்டளை.

யாரைக் குறை சொல்வது? எதிரி வீட்டுக் கதவை உடைப்பான் என்று நினைத்தார்கள். அதற்குத் தகுந்த பூட்டைப் போட்டார்கள். வேறு வழியாக வருமென்று எவன் கண்டான்?

விசாரணைக்கு முந்தைய நாள் காலை நான்கு டிஸ்க்கும் ஒன்று சேர வேண்டும். லாரித் தோழர் விடிந்ததும் தன்னுடையதைக் கொடுத்துவிட்டு லோடு ஏற்றப் போய்விட்டார். செயலாளர் தன்னுடையதை டிபன் டப்பாவுக்குள் வைத்துக் கொண்டுவந்தார். சைரன் அண்ணன் படியில் மூன்று இடத்தில் நின்று, மூச்சு வாங்கி, பைக்குள்ளிருந்து ஒரு குழந்தைக் காலுறையை எடுத்தார். உள்ளே டிஸ்க்.

"என்னண்ணே, டிஸ்க்குக்குக் குளிருமா?" என்றாள் அக்கா.

"பேத்தியோடது. அவ கால் பெருசாயிடுச்சு. இதுக்கு அளவு சரியா இருந்துச்சு."

நான்கையும் ஹப்பில் செருகினாள். ஹப் என்றால் ஒரு துளையை நான்காக்கித் தருகிற சின்னப் பெட்டி. டிவியில் பட்டியல் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதைக் காணோம்.

"இருக்கும், தூங்குது" என்றார் செயலாளர்.

காத்திருந்தார்கள். வரவில்லை. சைரன் அண்ணனுடைய டிஸ்க்கில் விளக்கு மட்டும் மங்கலாக எரிந்தது.

கேபிள் அக்கா தன் பேருக்கு ஏற்ற வேலையை ஆரம்பித்தாள். கேபிளைக் கழற்றி மறுபடி செருகினாள். வேறு துளையில் செருகினாள். பையைக் கவிழ்த்து வேறு கேபிள் எடுத்தாள். சில கேபிள் சார்ஜ் மட்டும் ஏற்றும், தகவலைக் கடத்தாது. அதை ஒதுக்கிப் புதிதாக ஒன்று போட்டாள். ஊஹூம். பெட்டியை நிறுத்தி, ஒரு டம்ளர் டீ குடிக்கிற நேரம் விட்டு, மறுபடி போட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று.

டிஸ்க்கைத் தூக்கிக் காதில் வைத்தாள். உள்ளே ஏதோ சுற்ற முயன்று, முடியாமல் நின்று, மறுபடி முயன்றது. அந்தச் சத்தம் அவளுக்குப் பழக்கம். கணவனின் கடைசி மாதங்களில் முதுகில் காதை வைத்துக் கேட்ட சத்தம்.

"மூச்சு வாங்குதா?" என்றார் சைரன் அண்ணன்.

"ஆமாண்ணே."

"என்கிட்ட இருந்ததுல்ல. தொத்திக்கிச்சு போல."

செயலாளருக்குச் சிரிப்பு வரவில்லை. சங்கத்துக்காக வழக்கு நடத்தும் வக்கீலம்மாவுக்குப் போன் போட்டார். "ஒண்ணு மட்டும் கொஞ்சம் மக்கர் பண்ணுது. மத்தபடி ரெடி" என்றார். மறுமுனையில், "சாயங்காலத்துக்குள்ள என் கையில குடுத்துடுங்க. நாளைக்கு வாய்தா வாங்க முடியாது, சொல்லிட்டேன்" என்று கேட்டது.

அக்காவுக்குப் பொறி தட்டியது. மங்கலான விளக்கு. மின்சாரம் போதவில்லை. நான்கு டிஸ்க்குக்கும் ஹப் ஒன்றே சோறு போட வேண்டும். அதன் அடாப்டர் கிழடாகிவிட்டது. மூன்று தின்றபின் நான்காவதுக்குப் பட்டினி. கீழே ஓடினாள். டயர் கடைக்காரர் தன் ரேடியோவின் அடாப்டரைப் பிடுங்கிக் கொடுத்தார். "என் பாட்டு போச்சு, உங்க பேச்சாவது வரட்டும்" என்றார்.

அதை மாட்டினாள். டிஸ்க் சீராகச் சுற்றியது. விளக்கு பளிச்சென்று எரிந்தது. டிவியில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

"வந்துடுச்சுடா!" என்று செயலாளர் குதித்தார். அறுபது வயது ஆள். சைரன் அண்ணன் கை தட்டப் போனது இருமலில் முடிந்தது. அக்கா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நாளைக்கு அவன் குரலைக் கேட்கப் போகிறாள். முதலில் பேரைச் சொல்லுவான். பிறகு தொண்டையைச் செருமுவான். பிறகு, "எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?" என்று அவளைக் கேட்பான். அது வரை நினைவிருக்கிறது.

கண்ணைத் திறந்து கூட்டைத் திறக்கச் சொன்னாள். சர்வர் மறுத்தது. நான்கில் மூன்றுதான் இருக்கிறது என்றது.

"அதான் நாலும் தெரியுதேம்மா!"

தெரிந்தது. நான்கும் தெரிந்தது. ஆனால் நான்காவதைத் தன் பிள்ளை இல்லை என்றது கூட்டு. அக்கா பட்டியலில் அந்த வரியைப் பார்த்தாள். முதல் மூன்றும் சங்கம் வைத்த பேரில் இருந்தன. நான்காவதின் பேர்: பாப்பா.

திறந்தாள். உள்ளே ஒரு குழந்தை. குப்புற விழுகிற குழந்தை. பல் முளைத்த குழந்தை. நடக்கிற குழந்தை. நூற்றுக்கணக்கில் வீடியோ. டிஸ்க் முக்கால்வாசி நிறைந்திருந்தது.

சைரன் அண்ணன் டிவியைப் பார்த்துச் சிரித்தார். "என் பேத்தி" என்றார். பிறகுதான் சிரிப்பு நின்றது.

அவர் மகளுக்குப் போன் போனது. பக்கத்துத் தெருதான். இடுப்பில் அதே குழந்தையோடு வந்தாள்.

"இந்த டிஸ்க்கை நீ எடுத்தியாம்மா?" என்று அக்கா கேட்டாள்.

"ஆமாக்கா. போன்ல இடம் இல்ல, பாப்பா வீடியோ எல்லாம் அழியப்போகுதுன்னு வந்துச்சு. அப்பா பீரோவுல இது சும்மாத்தானே கிடந்துச்சு. வீட்டுக் கம்ப்யூட்டர்ல போட்டேன். உள்ள ஒண்ணுமே இல்ல. ஃபார்மட் பண்ணணுமான்னு கேட்டுச்சு. பண்ணுன்னு குடுத்தேன்." ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "ஏன்க்கா? காலியாத்தானே இருந்துச்சு?"

காலியாக இல்லை. துண்டுகள் இருந்தன. மற்ற மூன்றும் பக்கத்தில் இல்லாமல் அந்தத் துண்டுகளுக்கு அர்த்தம் இல்லை. சாதாரணக் கம்ப்யூட்டருக்கு அது காலி டிஸ்க். திருடனை ஏமாற்றச் செய்த ஏற்பாடு. வீட்டுப் பிள்ளையை ஏமாற்றியது.

"உங்களுக்குத் தெரியுமாண்ணே?" என்றார் செயலாளர்.

சைரன் அண்ணன் காலுறையைக் கையில் சுருட்டினார். "ஆறேழு மாசம் முன்னாடி தெரிஞ்சுது. சொல்ல வாய் வரல. ஆனா நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன் தோழர். நாலுல ஒண்ணுதானே? என் பங்கு பத்துப் பேரு. பத்து போனாலும் முப்பத்தொண்ணு இருக்கும்ல? அந்தப் பத்துல நான் ஒருத்தனா இருந்துட்டுப் போறேன்னு நினைச்சேன்."

"பத்துப் பேர் இல்லண்ணே" என்றாள் அக்கா. "ஒவ்வொருத்தரையும் நாலாக் கிழிச்சு வச்சிருந்தோம்."

"அப்ப மத்தவங்க?"

"எல்லாரும்."

அவர் இருமவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

செயலாளர் சுவரைக் குத்தினார். வாயில் வந்ததை எல்லாம் சொன்னார். முட்டாள், மடையன் என்றார். யாரைச் சொல்கிறார் என்று தெரியவில்லை, அவருக்கே தெரிந்திருக்காது. பிறகு டிஸ்க் பழுது பார்க்கும் கடை ஒன்றைப் போனில் பிடித்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த ஆள் சொன்னான்: "வெறும் ஃபார்மட்டுன்னா கூட ஏதாச்சும் தோண்டலாம் சார். மேல இவ்வளவு எழுதிட்டீங்க. ஒரு செங்கல்லை உருவினா சுவர் நிக்கும். மாவுல போட்ட தண்ணியை எப்படி சார் உருவுறது?"

குழந்தை டிவியில் தன்னைப் பார்த்துக் கை நீட்டியது. அக்கா கைதவறி ஒரு வீடியோவை அழுத்திவிட்டாள். குழந்தை உட்கார்ந்திருக்கிறது. திரைக்கு வெளியே எங்கிருந்தோ ஒரு நீண்ட இருமல். குழந்தை விழுந்து விழுந்து சிரிக்கிறது. மறுபடி இருமல். மறுபடி சிரிப்பு.

"இதையே குடுத்தா என்ன?" என்றார் செயலாளர், பைத்தியம் பிடித்தவர் போல. "கேளு. பத்து வருஷ ஆலை அதுல இருக்கு."

"இருமலுக்குப் பேரு கிடையாது" என்றாள் அக்கா.

மகளுக்கு இப்போதுதான் புரிந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அக்கா... மாமா பேசினதும் இதுலயா?"

அக்காவின் கணவனுடைய குரல் கால், கால், கால் என்று மூன்று டிஸ்க்கில் இன்னமும் கிடக்கிறது. விளக்கு மினுக்குகிறது. சுற்றுகிறது. "எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது" என்பதில் எந்த எழுத்து எதில் இருக்கிறதென்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. ஒரு தடவை கேட்டிருக்கலாம். போன வருஷம் நான்கும் ஒன்று சேர்ந்திருந்தபோது, ஒரு பொத்தான். நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள்.

"பாப்பா வீடியோ அழிஞ்சுடுமா?" என்று மகள் கேட்டாள். கேட்டபிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அழியாது. பத்திரமா இருக்கு. எடுத்துட்டுப் போ." அக்கா டிஸ்க்கைக் கழற்றிக் காலுறைக்குள் போட்டுக் கொடுத்தாள். "இன்னொரு நகல் எடுத்து வை."

வக்கீலம்மாவிடம் சொன்னார்கள். எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று அவர் கேட்டார். பிறகு, "உசுரோட இருக்கிறவங்களை இன்னைக்கே மறுபடி பேச வைங்க. அந்த நாப்பத்தொண்ணுல இருக்கிறவங்க மட்டும். வர்றது வரட்டும்" என்றார்.

அக்கா போனை எடுத்துச் சைரன் அண்ணன் முன்னால் பிடித்தாள்.

"நானா? எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டும்மா?"

"இருக்கிற மூஞ்சியை. பேரைச் சொல்லுங்க. எந்த செக்ஷன்னு சொல்லுங்க."

சொன்னார். நின்று நின்று சொன்னார். முதல் தடவை பேசியபோது ஒரே மூச்சில் வந்த விஷயம். இப்போது வாக்கியத்துக்கு வாக்கியம் படியேறினார். மகள் பக்கத்தில் நின்று அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

பிறகு தெருத்தெருவாக. நாற்பத்தொன்றில் இருபத்தெட்டு வீட்டுக் கதவைத் தட்ட வேண்டிய அவசியமே இல்லை. மிச்சம் இருந்தவர்களில் ஒருவர் பிராணவாயுக் குழாயோடு படுத்திருந்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஒருவர் ஊரை விட்டே போய்விட்டார். இன்னமும் ஆலையில் இருந்தவர்கள் கதவைப் பாதிதான் திறந்தார்கள்.

"நாப்பது பேரோடன்னு சொன்னீங்க, வர்றேன்னேன்" என்றான் ஒருவன். அக்காவின் கணவனோடு ஒரே இயந்திரத்தில் நின்றவன். "இப்ப மத்தவங்க எங்கக்கா? செத்தவங்கதான் எனக்குக் காவல்னு நினைச்சுட்டிருந்தேன். அவங்களும் இல்லைன்னா நான் தனியா எப்படி வருவேன்? எனக்கு ரெண்டு பொண்ணு."

செயலாளர் வாயைத் திறந்தார். முப்பது வருஷமாக மேடையில் பேசிய வாய். மூடிக்கொண்டார்.

"சரிப்பா" என்றாள் அக்கா. "உடம்பைப் பார்த்துக்கோ."

அதைத் திட்டாகவும் சொல்லவில்லை, பெருந்தன்மையாகவும் சொல்லவில்லை. சொல்ல அது ஒன்றுதான் மிச்சம்.

மறுநாள் அதிகாரியின் அறையில் மின்விசிறி ஓடியது. ஆலை வக்கீல் முன்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். அக்கா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த முறை போனில் இருந்து எதையும் அழிக்கவில்லை. அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு மனுவைப் புரட்டினார்.

"நாற்பத்தொரு பேர்னு போட்டிருக்கீங்க. குரல் பதிவு எத்தனை கொண்டுவந்திருக்கீங்க?"

வக்கீலம்மா திரும்பி அக்காவைப் பார்த்தார்.

ஐந்து.